பேரிடருக்குப் பொரித்த ரோல்ஸ்

வீடு எரிந்து நடுத்தெருவில் நிற்கிற மனிதரிடம் போய் "இப்போது உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?" என்று கேட்கக்கூடாது என்பதை, பெரிய படிப்புப் படித்தவர்களுக்குப் படிப்பிப்பதுதான் என் தொழில்.

சிரிக்காதீர்கள். ஊரில் கடல் பொங்கிச் சனத்தை அள்ளிக்கொண்டு போன பிறகு, இங்கே மொன்றியலில் அலுவலகங்களுக்கெல்லாம் திடீரென்று ஒரு யோசனை பிறந்தது. வெள்ளமோ நெருப்போ வந்தால் தீயணைப்புக்காரர் வருவார்கள், அம்புலன்ஸ் வரும், பயந்து நடுங்குகிற மனதுக்கு ஆர் வருவார்கள்? உளவியலாளர்களையும் சமூகப் பணியாளர்களையும் பிடித்துச் சனிக்கிழமைகளில் பயிற்சி கொடுப்பது என்று எங்கள் சுகாதார நிலையத்தில் முடிவாயிற்று. நான் அங்கே சமூகப் பணியாளர். இடப்பெயர்வு, முகாம், பதுங்குகுழி எல்லாம் நேரில் கண்டவள் என்பதால் படிப்பிக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. சனிக்கிழமை காலையில் பயிற்சி வகுப்பில் கொட்டாவி விட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். முன்னால் நின்று அந்தக் கொட்டாவிகளை எண்ணாமல் எண்ணுகிறவளின் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

முதல் தடவை வெறும் பரீட்சார்த்தம்தான். கடைசி நாளில் ஒரு பெரிய ஒத்திகை நடக்கும், அதைப் பார்க்கத் தலைமையகத்திலிருந்து பணிப்பாளர் அம்மா வருவார். அவருக்குப் பிடித்தால் பயிற்சி தொடரும், என் வேலையும் நிரந்தரமாகும். பிடிக்காவிட்டால் நான் ரொறன்ரோ.

ரொறன்ரோ எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? என் கணவரின் தமையனிடமிருந்து வந்தது. மொன்றியல் தமிழரில் பாதிப்பேர் ரொறன்ரோவுக்குப் போய்விட்டார்கள், மீதிப்பேர் போவதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் கணவர் இரண்டாவது கூட்டம். தன் வீட்டுக்குப் பக்கத்து வீடு விலைக்கு வருகிறது என்று தமையன் சொன்ன நாளிலிருந்து, தெரு மூலையில் இருக்கிற தெப்பனேர் என்கிற சில்லறைக் கடையில் வெறும் பெட்டிகள் கேட்டு வாங்கிவந்து பியர்பொன்ட்ஸில் இருக்கிற எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் அடுக்கத் தொடங்கினார். எனக்கோ போக மனமே இல்லை. வாயைக் குவித்து, மூக்கால் கதைத்து, குளிருக்குள்ளும் வியர்க்க வியர்க்கப் படித்த பிரெஞ்சு! அதை ரொறன்ரோவில் கொண்டுபோய் ஆரோடு கதைக்கிறது, மச்சாளோடையா? கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அவர் சொன்னது இதுதான்: "நிரந்தரமெண்டால் இருப்பம், இல்லாட்டி வெளிக்கிடுவம். பிறகு அழப்படாது."

கதிரை தேடிப் போனவர்

என் மாணவர்களில் ஆக உயரமானவர் லூக். நல்ல மனிதர், கெட்டிக்கார உளவியலாளர். ஆனால் அவ்வளவு காலமும் தன் அறைக்குள் இருந்தே வேலை செய்தவர். அங்கே மெத்தை வைத்த இரண்டு கதிரை, ஒரு மேசை விளக்கு, கண் துடைக்க ஒரு பெட்டி கடதாசி. மனக்கஷ்டம் உள்ளவர்கள் நேரம் குறித்து வருவார்கள், நேரம் முடிந்ததும் எழும்பிப் போவார்கள். பேரிடரில் கதவும் இல்லை, கதிரையும் இல்லை, குறித்த நேரமும் இல்லை என்று முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

சரி, செய்து பார்ப்போம் என்று, தலையை நனைத்துக்கொண்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்தவளாக வகுப்பறை நிலத்தில் குந்தினேன். "வாருங்கள் லூக், என்னைத் தேற்றுங்கள்." அவர் வந்தார், பார்த்தார், மிக மரியாதையாக "மன்னிக்கவேண்டும், இதோ வருகிறேன்" என்றார், வெளியே போய்விட்டார். நான் நனைந்த தலையோடு காத்திருக்கிறேன். தும்மலும் பிடித்துக்கொண்டது. கடைசியில் பக்கத்து அறையிலிருந்து இரண்டு கதிரையையும் ஒரு சின்ன மேசையையும் இழுத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். மேசைக்கு மேல் கடதாசிப் பெட்டி வேறு. அதற்குள் என் வெள்ளமே வற்றிவிட்டது!

"ஏன் லூக், எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்திருக்கலாமே?" என்று கேட்டேன். மனிதர் காது மடல் வரைக்கும் சிவந்துபோய்ப் பிரெஞ்சில் சொன்னார், தமிழ் என்னுடையது: "மடாம் ராணி, கதிரை இல்லாவிட்டால் நான் உளவியலாளர் என்பதே எனக்கு மறந்துபோகிறது."

சாகிற பாத்திரம்

ஒத்திகைக்குப் பாதிக்கப்பட்டவர்கள் வேண்டும். மாணவர்களே ஒருவருக்கொருவர் நடித்தால் சரிவராது, அவர்கள் அழும்போதும் மற்றவருக்கு இடைஞ்சல் இல்லாமல் அழுகிறார்கள். அதனால் கார்ட்டியர்வில்லில் எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும், மண்டபத்தில் எழும்பி நின்று விஷயத்தைச் சொன்னேன். "வீடு எரிஞ்ச மாதிரி, காயப்பட்ட மாதிரி நடிக்கவேணும். ஆர் வாறியள்?" ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று பயந்துகொண்டுதான் கேட்டேன். என்ர மாதாவே, மண்டபமே எழும்பி வந்தது! யாழ்ப்பாணத்துச் சனமும் மன்னார்ச் சனமும் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள், மேடை என்றால் காய்ச்சலோடும் வருவார்கள். கோவிலில் எந்த விசேஷம் என்றாலும் குசினியில் சமையலுக்குப் பொறுப்பாக நிற்கிற றெஜினா அக்கா, "வீடு எரிஞ்சவள் நல்ல சீலை உடுக்கலாமோ, இல்லாட்டி வீட்டுச் சட்டையோடதான் வரவேணுமோ?" என்று கேட்டார்.

அருளப்பு அண்ணைதான் பெரிய தலையிடி. தவக்காலத்தில் எங்கள் சனம் போடுகிற திருப்பாடுகளின் நாடகத்தில் யேசுவுக்குச் சாவுத் தீர்ப்புக் கொடுக்கிற பிலாத்து வருஷா வருஷம் அவர்தான். கை கழுவுகிற காட்சியில் நகம் நகமாகக் கழுவி, பாவம் யேசுநாதரைக் காத்து நிற்க வைத்துவிடுவார். அவருக்குக் கால் சுளுக்கியவரின் பாத்திரத்தைக் கொடுத்தேன். முகம் சுருங்கிப்போயிற்று. என்னைத் தூணுக்குப் பக்கத்தில் தனியே கூட்டிக்கொண்டுபோய் இரகசியமாகச் சொன்னார்: "தங்கச்சி, எனக்குச் சாகிற பாத்திரம் தா. ஆனால் சாக முதல் கொஞ்சம் கதைக்க விடு."

பாதிக்கப்பட்டவர் நடத்திய விசாரணை

அடுத்த சனிக்கிழமையே கோவில் மண்டபத்தில் சின்னதாக ஒன்றை நடத்திப் பார்த்தோம். றெஜினா அக்கா வீடு எரிந்தவர். நல்ல சீலைதான் உடுத்தி வந்தார், விட்டுவிட்டேன். அவரைத் தேற்ற வேண்டியவள் மரி-ஏவ், மாணவர்களில் ஆக இளையவள், நேற்றுத்தான் படித்து முடித்தவள் போல இருப்பாள். மரி-ஏவ் முழங்காலில் இருந்து, நான் சொல்லிக் கொடுத்தபடி மெதுவாக, "உங்களுக்கு இப்போது என்ன தேவை?" என்று கேட்டாள். றெஜினா அக்கா தையல் தொழிற்சாலையில் பொறுக்கி எடுத்த பிரெஞ்சில் பதில் சொன்னார். அதற்கு இலக்கணம் கிடையாது, ஆனால் விளங்காமல் ஒருத்தரும் திரும்பிப் போனதில்லை.

"எனக்கு ஒண்டும் வேண்டாம். நீர் சாப்பிட்டீரோ?" இல்லை என்றாள் மரி-ஏவ். ஏன் சாப்பிடவில்லை, காலையில் என்ன குடித்தாய், ஆர் சமைக்கிறது, அம்மா எங்கே இருக்கிறா என்று கேள்விக்கு மேல் கேள்வி. அம்மா வெகு தொலைவில் கடற்கரைக் கிராமமொன்றில் இருக்கிறா, நத்தார்ப் பண்டிகைக்கும் போகக் கிடைக்கவில்லை என்று சொல்லும்போதே அந்தப் பிள்ளையின் குரல் கம்மிவிட்டது. நான் திரும்பிப் பார்க்கிறேன், வீடு எரிந்தவர் தன் சீலைத் தலைப்பால் நிபுணரின் கண்ணைத் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கிறார்!

எனக்கு வந்ததே ஒரு கோபம். "அக்கா, நீங்களெல்லோ பாதிக்கப்பட்டவ! உங்கட வீடெல்லோ எரிஞ்சது!" என்று பாய்ந்தேன். அவர் என்னைத்தான் விசர் பிடித்தவளைப் போலப் பார்த்தார். "வீடு சும்மா எரிஞ்சது, பிள்ளை உண்மையா எல்லோ பசியில நிக்குது. அடுத்த முறை நான் ரோல்ஸ் கொண்டாறன்."

மறந்துபோன நாயகம்

அருளப்பு அண்ணையின் சாவை அதற்கடுத்த கிழமை பார்த்தோம். கொஞ்சம் கதைக்க விடு என்று கேட்டவர், கதைத்தார், பாடினார், எழும்பி இருந்து எல்லாரையும் மன்னித்தார், திரும்பவும் விழுந்தார். ஒருமுறை செத்ததோடு திருப்திப்படவில்லை. என் மாணவர்கள் அத்தனை பேரும் அவரைச் சுற்றி. ஒருவர் கையைப் பிடிக்க, ஒருவர் தலையைத் தாங்க, லூக் கடதாசிப் பெட்டியை நீட்ட, கடைசியில் கைதட்டல் வேறு. அண்ணை கண்ணைத் திறந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பவும் செத்தார்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல நாள்தான். றெஜினா அக்கா சொன்னபடி மீனும் கிழங்கும் வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் கொண்டுவந்திருந்தார். எல்லாரும் சாப்பிட்டு, மேலங்கிகளைப் போட்டு, மண்டபத்தைப் பூட்டிக்கொண்டு கார்களுக்குப் போய்விட்டோம். அப்போதுதான் எனக்கு நெஞ்சு திக்கென்றது. நாயகம் எங்கே? நாயகம் கோவிலில் பாட்டுப் புத்தகம் கொடுக்கிறவர், வாயே திறக்காத மனிதர். அதனாலேயே அவருக்கு, அதிர்ச்சியில் பேச்சு வராமல் மூலையில் இருக்கிறவரின் பாத்திரத்தைக் கொடுத்திருந்தேன். ஓடிப்போய்த் திறந்து பார்த்தால், மனிதர் அதே மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருக்கிறார். லூக் எனக்குப் பின்னால் வந்து இதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். சத்தம் போடுகிறவரிடம் எல்லாரும் ஓடுவார்கள், சத்தம் போடாதவரைத்தான் தேடிப்போகவேண்டும் என்று நான் வகுப்பு வகுப்பாகக் கத்தியும் ஏறாதது அன்றைக்கு ஏறியது.

"ஐயோ நாயகம் அண்ணை, எழும்பி வந்திருக்கலாமே!" என்றேன். அவர் எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னார்: "ஒருத்தரும் காப்பாத்த வரேல்லை. அதுதான் இருந்தனான்."

உண்மையான புகை

பெரிய நாள் வந்தது. வெளியே பனி குவிந்து கிடக்கிறது. அடுக்குமாடி ஒன்றில் எரிவாயு வெடித்து, சனம் கோவில் மண்டபத்தில் தஞ்சம் புகுந்திருக்கிறது என்பது கதை. கம்பளிகளை எங்கள் வான் வண்டியில் ஏற்றி என் கணவர்தான் கொண்டுவந்து இறக்கினார். பணிப்பாளர் மடாம் தெரேஸ் சாம்பல் நிறச் சட்டையும் மெல்லிய சப்பாத்துமாக வந்தார். "என்னை ஒருவருக்கும் அறிமுகப்படுத்தாதீர்கள். அவர்கள் பயப்படாமல் வேலை செய்யட்டும்" என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றார். றெஜினா அக்காவிடம் முதல் நாளே கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லியிருந்தேன், இன்றைக்குச் சாப்பாடு ஒன்றும் வேண்டாம் என்று. அவரும் ஓம் என்றார். எங்கள் சனம் சாப்பாட்டு விஷயத்தில் ஓம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய ஆக்கள் வருகிறார்கள், ஆறின ரோல்ஸை எப்படிக் கொடுக்கிறது என்று, தன்னுடைய பாத்திரம் தொடங்க முதல் குசினியில் தாச்சிச் சட்டியை வைத்து எண்ணெயைக் கொதிக்க விட்டிருக்கிறார் மனுஷி. ஒத்திகை தொடங்கியதும் வீடு எரிந்தவராக மண்டபத்துக்கு ஓடிவந்துவிட்டார். எண்ணெய் தன்பாட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. புகை கிளம்பியது, அலாரம் அலறியது. "மடாம் ராணி எல்லாத்தையும் எவ்வளவு தத்ரூபமாகச் செய்கிறா!" என்று மரி-ஏவ் பூரித்துப் போனாள். நான் குசினிக்குள் பாய்ந்து அடுப்பை நிற்பாட்டி, "எல்லாத்தையும் விட்டிட்டு வெளியில ஓடுங்கோ!" என்று தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்று பாஷையிலும் கத்தினேன். மேலங்கியும் இல்லாமல், கையில் இருந்த கம்பளிகளோடு எல்லாரும் பனிக்குள் இறங்கினோம். இவர் வானுக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்து, "ரொறன்ரோ அண்ணைக்கு இப்பவே ஃபோன் எடுக்கட்டே?" என்று கேட்டார். அந்த நேரத்தில் அவரைப் பனிக்குள் புதைத்திருப்பேன், நேரம்தான் இல்லை.

தீயணைப்பு வண்டிகள் வந்தன. சபை பெருகிவிட்டதைக் கண்ட அருளப்பு அண்ணையால் சும்மா நிற்க முடியவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பனிக்குள் சரிந்து சாகத் தொடங்கினார். இரண்டு தீயணைப்பு வீரர்கள் பாய்ந்து வந்து ஒட்சிசன் முகமூடியைப் போட்டார்கள். "நடிப்பு! அது நடிப்பு!" என்று நான் பிரெஞ்சில் கத்தக் கத்த, அதிர்ச்சியில் உளறுகிறா என்று என்னையும் ஒரு கம்பளியால் போர்த்திவிட்டார்கள். முகமூடிக்குள் அண்ணையின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தலைமை வீரர் அழுகிறவர்கள், நொண்டுகிறவர்கள், மயங்கிக் கிடக்கிறவர்கள் எல்லாரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "மடாம், தயவுசெய்து சொல்லுங்கள், இதில் எத்தனை பேர் உண்மையானவர்கள்?"

படியில் இருந்த அம்மா

அந்தக் கூத்துக்குள் எனக்கு மடாம் தெரேஸின் நினைப்பு வந்தது. போச்சு, எல்லாம் போச்சு, பெட்டி கட்டவேண்டியதுதான் என்று தேடிக்கொண்டு ஓடினேன். கோவிலின் பக்கப் படியில் அவர் இருந்தார். முகம் வெளிறி, படியின் கைபிடியை இறுக்கிப் பிடித்தபடி. அவருக்குப் பக்கத்தில், பனிக்கு மேல், கதிரையும் இல்லாமல் கடதாசிப் பெட்டியும் இல்லாமல், லூக் சப்பணமிட்டு இருந்தார். கம்பளியை அவருக்குப் போர்த்திவிட்டு, ஒன்றும் கேட்காமல், சும்மா பக்கத்தில் இருந்தார். மரி-ஏவ் ஓடிவந்து, "சாப்பிட்டீர்களா அம்மா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கோப்பை தேத்தண்ணியை நீட்டினாள். றெஜினா அக்கா, நெருப்பு என்றதும் கைப்பையை விட்டுவிட்டுத் தேத்தண்ணிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருந்தார். நான் கிட்டப் போகாமல் நின்றுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மடாம் தெரேஸ் கதைக்கத் தொடங்கினார். லூக் கேட்டுக்கொண்டிருந்தார். லூக்கின் கண் கலங்கியிருந்ததை நான் கண்ணால் கண்டேன்.

வெறும் எண்ணெய்ப் புகைதான் என்று உறுதியான பிறகு எல்லாரும் உள்ளே வந்தோம். யன்னல்களைத் திறந்து வைத்து, றெஜினா அக்கா மிச்ச ரோல்ஸையும் பொரித்தே தீர்த்தார், பக்கத்தில் ஒரு தீயணைப்பு வீரரைக் காவலுக்கு நிற்பாட்டிக்கொண்டு. மடாம் தெரேஸ் ஒன்றைக் கடித்துக்கொண்டே என்னைப் பக்கத்தில் அழைத்தார். "சின்ன வயதில் எங்கள் வீடு எரிந்தது. நெருப்பு அலாரம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கை கால் ஓடாது. இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அந்த உயரமான மனிதர் ஒன்றும் கேட்கவில்லை, அதனால் சொல்லிவிட்டேன். உங்கள் பயிற்சி தொடரவேண்டும், ராணி. நீங்கள்தான் நடத்தவேண்டும்." எனக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடித்தும்விட்டேன். அவரும் சிரித்தார்.

அந்தச் சந்தோஷத்தோடு லூக்கைப் பாராட்டப் போனேன். பணிப்பாளர் என்று ஊகித்திருந்தும் எவ்வளவு துணிச்சலாகப் பக்கத்தில் இருந்தீர் என்று சொல்ல வாயெடுக்க முதல் அவர் முந்திக்கொண்டார். முகமெல்லாம் பூரிப்பு. "மடாம் ராணி, நாயகத்தை மறந்ததற்கு எனக்கு வைத்த சோதனைதானே? இந்த முறை நான் மூலையைத்தான் முதலில் பார்த்தேன். ஆனால் படியில் இருந்த அந்த அம்மா! அருளப்புவை விட எவ்வளவோ மேல். அடுத்த ஒத்திகைக்கும் அவரைக் கட்டாயம் கூப்பிடுங்கள்."

பெட்டிகள்

வாயை இறுக்கி மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். படியில் ஏறும்போதுதான் இவரிடம் "நிரந்தரம்" என்று சொன்னேன். மனிதர் நிலக்கீழ் அறைக்கு இறங்கி, அடுக்கி வைத்த பெட்டிகளுக்கு முன்னால் போய் நின்றார். தமையனுக்கு என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்கு ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக மிதித்துத் தட்டையாக்கத் தொடங்கினார். நானும் போய் ஒன்றை மிதித்தேன். அந்தச் சுகம் இருக்கிறதே, சொல்லி முடியாது. இருவரும் சின்னப்பிள்ளைகள் மாதிரிச் சிரித்துச் சிரித்து மிதித்தோம். கடைசிப் பெட்டிக்கு வந்ததும் அவர் நின்றார்.

"இஞ்சாருமப்பா, அடுத்த ஒத்திகையில எனக்கும் ஒரு பாத்திரம் தாரும். ரொறன்ரோ போகக் கிடைக்காதவர் எண்டு போடும், எனக்கு நடிக்கவே தேவையில்லை."

இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் நின்று நான் கண்டது இவ்வளவுதான்: எந்தப் பேரிடரிலும் மனநல நிபுணர் வந்து சேர முதல் எங்கள் சனத்தில் ஆராவது ரோல்ஸ் பொரிக்கத் தொடங்கியிருப்பார்கள், சிலவேளை பேரிடரே அதனால்தான் வந்திருக்கும்.